கேள்விய வெச்சிட்டுப் போங்க

அந்த ராப் பாடகர் இறந்த பிறகு அவருடைய ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். தன்னிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும், எத்தனை நாள் ஆனாலும், அவர் பதில் சொல்லிவிட்டுத்தான் போனார் என்பது ஒரு கட்சி. அதெல்லாம் கட்டுக்கதை, நான்கு மாதம் காத்திருந்த ஒரு பெண்ணுக்கு அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது இன்னொரு கட்சி. அந்தப் பெண் என் மகள். அவளுக்கு ஏன் பதில் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த காரியத்தின் அளவு யாருக்கும் விளங்காது.

சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நானும் அவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது. கியூசி என்ற தரச் சோதனை மேசையில் உட்கார்ந்து, பழுதான பாகங்களைப் பொறுக்கிச் சிவப்புப் பெட்டியில் போடுவது என் வேலை. அவர் ஸ்டோரில் இருந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். அப்போது அவரை ‘நீ, வா, போ’ என்றுதான் கூப்பிடுவேன். இப்போது எழுதும்போது ‘அவர்’ என்றுதான் வருகிறது.

ஸ்டோருக்குப் போய் “இந்தப் பெட்டி எங்க இருக்கு?” என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார். வேலையில் அவ்வளவு வேகம். ஆனால் வேலைக்கு வெளியே எதைக் கேட்டாலும் நம் முகத்தைச் சிறிது நேரம் பார்ப்பார். பிறகு, “கேள்விய வெச்சிட்டுப் போங்கக்கா” என்பார். பெட்டியை வைத்துவிட்டுப் போகச் சொல்வது போலவே இருக்கும். அலமாரியில் தொங்கும் மஞ்சள் அட்டைகளில் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் கேட்டவர் பெயரையும் கேள்வியையும் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். நாலு நாளோ நாற்பது நாளோ கழித்து கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்து, “அன்னைக்குக் கேட்டீங்கல்ல…” என்று ஆரம்பிப்பார். கேட்டவர்களுக்கே அது மறந்திருக்கும்.

எங்கள் லைனுக்குத் தலைவியாக இருந்த அக்கா அவரைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. “அவன்ட்ட மணி கேக்காதீங்கடி. நாளைக்கு வந்து ‘நேத்து நீங்க கேட்டப்ப பத்தர’ன்னு சொல்வான்.”

அவரும் சேர்ந்து சிரிப்பார். சாப்பாட்டு நேரத்தில் காலி அட்டைப்பெட்டியின் மேல் இரண்டு விரலால் தாளம் போட்டுக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார். கிள்ளானில் நண்பன் வீட்டு மாடியில் நான்கு பேர் சேர்ந்து ‘ராப்’ பாடிப் பழகுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். வேகமாகப் பேசுவதற்குப் பாட்டு என்று பெயரா என்று அக்கா கேட்டதற்குக்கூட, “வெச்சிட்டுப் போங்கக்கா” என்றுதான் சொன்னார்.

எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சம்பளம் வருகிற வேலையை விடுவதா என்று அப்பா முகத்தைத் தூக்கிக்கொண்டார். ஸ்டோர் கவுன்டரில் சாய்ந்துகொண்டு, “போவவா வேணாவா, நீ என்ன சொல்றே?” என்று அவரிடமும் கேட்டேன். அட்டையில் எழுதிக்கொண்டார். ஒரு வாரம் பார்த்துவிட்டு நானே முடிவெடுத்துக் கிளம்பினேன். விடுதிக்குப் போய் ஒரு மாதம் ஆனபோது ஓர் உறை வந்தது. உள்ளே அந்த மஞ்சள் அட்டை. என் கேள்விக்குக் கீழே, “போங்க. பழுதான சாமான கையில எடுக்கறப்ப நீங்க மூஞ்சி சுளிச்சு நான் பாத்ததில்ல. புள்ளைங்களுக்கு அந்த மாதிரி ஆளு வேணும்” என்று எழுதியிருந்தது.

அந்த அட்டையைப் பல வருடம் பாடக்குறிப்பு ஏட்டில் வைத்திருந்தேன். வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அவரை நான் பார்க்கவில்லை. வானொலியில் சில நேரம் குரல் கேட்கும். உடனே நிலையத்தை மாற்றிவிடுவேன். வெறுப்பு ஒன்றுமில்லை. என் வகுப்பில் பையன்கள் அந்தப் பாட்டுகளைப் பாடிக்கொண்டு முடியைக் கோணலாக வெட்டிக்கொண்டு வருவார்கள். ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்தோம்: பாட்டு, முடி, கும்பல், சண்டை. அவர் வரிகளை நான் உட்கார்ந்து கேட்டதே இல்லை.

கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதை என் மகள் மூலம்தான் தெரிந்துகொண்டேன். அவள் அப்போது கல்லூரியில் மருந்தியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவருடைய படம் போட்ட கறுப்புச் சட்டையோடு கூடத்துக்கு வந்தாள்.

“இவர எனக்குத் தெரியும். ஒண்ணா வேலை பாத்தோம்” என்றேன்.

“மா, பொய் சொல்லாத லா.”

“ஸ்டோர்ல இருந்தான். ஏதாவது கேட்டா கேள்விய வெச்சிட்டுப் போங்கன்னு சொல்வான்.”

அவள் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வாசகம் அவர்களுக்கு அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. மஞ்சள் அட்டை போய்க் கைப்பேசி வந்திருந்தது, அவ்வளவுதான். ரசிகர்கள் குரல்பதிவாகக் கேள்வி அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் கடைசி மேசையில் தேநீரோடு உட்கார்ந்து, தயாராகிவிட்ட பதில்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பேசி அனுப்புவார். தயாராகாதது காத்திருக்கும்.

மகள் என்னைக் கட்டாயப்படுத்திக் கிள்ளானில் ஒரு மண்டபத்துக்கு அழைத்துப்போனாள். பையன்கள்தான் இருப்பார்கள் என்று நினைத்தேன். தொந்தி வைத்த என் வயதுக்காரர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவர் மேடையில் ஒலிவாங்கியைக் கீழே இறக்கியதும் மண்டபம் மிச்ச வரிகளை அவருக்குப் பாடிக் காட்டியது. ஒரு சொல் பிசகவில்லை. என் பக்கத்தில் ஒரு லோரி ஓட்டுநர். மகள் அவரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“அண்ணே, உங்களுக்குப் பதில் வந்துச்சா?”

“வந்துச்சும்மா. எங்கப்பாவ மன்னிக்கணுமான்னு கேட்டேன். அஞ்சு மாசம் கழிச்சு வந்துச்சு. ‘எனக்கு இன்னும் தெரியல தம்பி. ஆனா விட்டுடல, யோசிச்சிக்கிட்டுதான் இருக்கேன், அத சொல்லத்தான் பேசுறேன்’னாரு. ஹைவேல லோரிய ஓரங்கட்டி நிறுத்திட்டேன்.”

நிகழ்ச்சி முடிந்து அவரைப் பார்த்தோம். நரைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் “அக்கா! கியூசி!” என்று கூவினார். நல்லாயிருக்கிறாயா என்று நான் கேட்டதற்கு வழக்கம்போல முகத்தைப் பார்த்தார். “வெச்சிட்டுப் போறேன்” என்று நானே சொன்னேன். சிரித்தார்.

பேட்டி எடுப்பவர்களுக்கு அவர் பெரிய தலைவலி. யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்தக் கும்பலைத் தெரியும் என்றெல்லாம் கேட்பார்கள். “அடுத்த கேள்வி” என்பார். “ஒரே வரில சொல்லுங்கண்ணே” என்று ஒருவர் அவசரப்படுத்தியபோது, “ஒரு வரிக்கு எனக்கு ஒரு மாசம் ஆகும் பாஸ்” என்றார்.

என் மகளும் இரண்டு தோழிகளும் இணையத்தில் ஒரு குரல் நிகழ்ச்சி நடத்தினார்கள். அவரைப் பேட்டி எடுக்க அவள் மூன்று வாரம் தயாரானாள். அவருடைய எல்லாப் பாட்டுகளையும் கையால் எழுதினாள். பாடப் புத்தகத்தை அப்படித் திறந்து நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று எனக்குள் புகைந்தது.

பேட்டி வெளியானதும் அதைச் சமையலறையில் மாணவர்களின் தாள்களைத் திருத்திக்கொண்டே கேட்டேன். அவருடைய பழைய பாட்டு ஒன்றில் தொழிற்சாலை பஸ் கிள்ளானிலிருந்து சுங்கை வே வரைக்கும் போகும். ஒவ்வொரு நிறுத்தமாகப் பெயர் சொல்லிக்கொண்டே போவார். என் மகள் கேட்டாள்: “அந்த பஸ் போன வழியில நான் போய்ப் பாத்தேன். ஒரு ஸ்டாப் மட்டும் பாட்டுல இல்ல. தாளத்துக்காக விட்ட மாதிரியும் தெரியல, அந்த எடத்துல சும்மா தாளம் மட்டும் ஓடுது. ஏன் அங்க நிக்காம போறீங்க?”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. விசிறி சுற்றும் ஓசை கேட்டது. கீழே தெருவில் யாரோ மோட்டார்சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனார். என் மகள் இடையில் பேசவில்லை, இருமவில்லை, அடுத்த கேள்விக்குத் தாவவில்லை. நீண்ட நேரத்துக்குப் பிறகு, “வெச்சிட்டுப் போம்மா” என்றார். “சரிங்கண்ணே” என்றாள். தோழிகள் அந்த மௌனத்தை வெட்டிவிடச் சொன்னார்களாம். மாட்டேன் என்று சண்டை போட்டு வைத்திருக்கிறாள்.

ரசிகர்கள் அந்த மௌனத்தையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இத்தனை வருடத்தில் அண்ணனிடம் இப்படி யாரும் கேட்டதில்லை என்று எழுதினார்கள். மூன்று ஞாயிறு கழித்துப் பதில் வந்தது. அதையும் அவள் வெளியிட்டாள்.

“அந்த ஸ்டாப்புல எங்க லைன் லீடர் அக்கா ஏறுவாங்க. என்னைப் பத்தி ஒரு பாட்டு எழுதுவியாடான்னு கேட்டாங்க. யோசிச்சு சொல்றேன்னேன். நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அவங்க கேன்சர்ல போயிட்டாங்க. நான் லேட். அதனால அந்தப் பேரச் சொல்ற உரிமை எனக்கு இல்லன்னு விட்டுட்டேன்.”

எங்களை எல்லாம் சிரிக்க வைத்த அந்த அக்காதான். புற்றுநோயில் போனது அப்போதுதான் எனக்குத் தெரியும். தாள்களின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய தாமதத்துக்கு அவரே கொடுத்த விலை அது. அதனால்தானோ என்னவோ, அதற்குப் பிறகு வந்த எந்தக் கேள்வியையும் அவர் தொலைக்கவில்லை.

அப்படி ஒரு கேள்வியைக் கேட்டவள் என் மகள் என்ற பெருமை எனக்கு இரண்டு வாரம் இருந்தது.

பிறகு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. மகள் வகுப்புகளுக்கு வருவதில்லை, தேர்வும் எழுதவில்லை, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார்கள். தினமும் காலையில் பை மாட்டிக்கொண்டு எல்.ஆர்.டி. ரயில் ஏறுகிறவள் அப்படியானால் எங்கே போகிறாள்? அவள் குளித்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி மேசையில் கிடந்தது. திறந்தேன். பாட்டுகள், குரல்பதிவுகள், ரசிகர் குழு, அவர் பெயர். எனக்கு வேண்டிய காரணம் கிடைத்துவிட்டது. அவருக்கு அவள் கடைசியாக அனுப்பிய குரல்பதிவும் அதிலேயே இருந்தது. அதை அழுத்திக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மகளிடம் கேட்க எனக்குப் பயம். என்ன சொல்வாளோ, கேட்டுவிட்டால் அது உண்மையாகிவிடுமே என்ற பயம். அதனால் அவரை அழைத்து, யார் பேசுகிறேன் என்று சொன்னேன்.

“அக்கா, சொல்லுங்க” என்றார்.

“என் பொண்ணு படிப்பு போச்சு. உங்களாலதான்.” வாழ்க்கையில் முதல்முறையாக அவரை ‘நீங்க’ என்றேன். மரியாதைக்காக அல்ல, தள்ளி நிறுத்துவதற்காக.

“அக்கா, கொஞ்சம் பொறுங்க. அவ ஒரு கேள்வி வெச்சிட்டுப் போயிருக்கா. நான் அதத்தான்…”

“ஒரு பதிலும் வேணாம். அவகூடப் பேசாதீங்க. மெசேஜ் பண்ணாதீங்க. எனக்கு சத்தியம் பண்ணுங்க.”

“என்ன கேட்டான்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“தெரிய வேணாம். பேச மாட்டேன்னு சொல்லுங்க.”

“சரிக்கா” என்றார். யோசிக்கவில்லை, வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை. வேலைக்கு வெளியே அவர் எனக்கு உடனுக்குடன் சொன்ன ஒரே பதில் அதுதான்.

அந்த மாதத்தில் மூன்று முறை என்னை அழைத்தார். எடுக்கவில்லை. “அக்கா ஒரு நிமிஷம் பேசணும்” என்று ஒரு செய்தி வந்தது. எண்ணைத் தடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் முயன்றாரா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. மகளிடம் கல்லூரி அழைத்ததைச் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் பார்சல் கட்டும் தாப்பாவ் டப்பாவில் சோறு கட்டிக் கொடுப்பேன், வாங்கிக்கொண்டு போவாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை மறைத்துக்கொண்டு நான்கு மாதம் இருந்தோம்.

பிறகு ஒருநாள், அவர் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசிவரை பகலில் ஒரு கிடங்கில்தான் வேலை பார்த்தார்.

சுங்கை வேயில் அவருடைய அடுக்குமாடி வீட்டின் கீழே கூடாரம் போட்டிருந்தார்கள். மகளோடு நானும் போனேன். ரசிகர்கள் தேவாரம் முடிகிறவரை கைகட்டி நின்றார்கள். பிறகு ஒருவர் தன் கைப்பேசியை எடுத்து, அவர் தனக்கு அனுப்பிய பதிலை ஒலிக்கவிட்டார். அடுத்து இன்னொருவர். யாரும் ஏற்பாடு செய்ததில்லை. கூடாரத்தின் நாலா பக்கமும் அவருடைய குரல், வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. கல்யாணம், கடன், குடி, கடவுள் என்று ஒவ்வொருவரும் கேட்டதற்கு அவர் பொறுமையாகச் சொன்னது. ஒரு பெண் என் மகளைத் தொட்டு, “நீதானே அந்த பஸ் ஸ்டாப் கேள்வி கேட்ட தங்கச்சி? உனக்கு வந்தத போடுமா” என்றாள். மகள் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தாள்.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் கார்கள் நகரவில்லை. நல்ல வெயில். அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள்.

“எல்லாருக்கும் சொன்னாரு. நான் எனக்காகக் கேட்டதுக்கு மட்டும் சொல்லல.”

“என்ன கேட்டே?” என்றேன். நான்கு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியது.

“வீட்டுல சொல்ல முடியாத ஒண்ண, எந்த வார்த்தையில ஆரம்பிக்கறதுன்னு கேட்டேன்.”

அதன் பிறகு அவளே சொன்னாள். இரண்டு பருவமாகத் தேர்வு எழுதவில்லை என்றும், காலையில் எழுந்திருப்பதே பாரமாக இருக்கிறது என்றும், நூலகத்தில் போய்த் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்து மாலையில் வருகிறேன் என்றும் சொன்னாள். பாட்டுதான் அவளை அத்தனை நாள் எழுப்பி உட்கார வைத்திருக்கிறது. நான் அதைத்தான் பிடுங்கினேன். காரில் அப்போது என் காரியத்தை நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “சரிம்மா, டாக்டரப் பாப்போம்” என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாலையே அவள் ரசிகர் குழுவில் எழுதிவிட்டாள்: “எல்லாருக்கும் பதில் சொன்னாருன்னு சொல்லாதீங்க. கேட்டுட்டுக் காத்திருந்தவ நான் இருக்கேன்.” சிலர் அவளைத் திட்டினார்கள். சிலர், அப்படியானால் எல்லாம் விளம்பரத்துக்குத்தானா என்று அவரைப் பேச ஆரம்பித்தார்கள். செத்து ஒரு வாரம் ஆகாத மனிதர். அவருடைய தங்கை, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று குழுவில் கேட்டுக்கொண்டதை மகள்தான் எனக்குக் காட்டினாள். காட்டும்போது அவள் முகத்தில் ஒரு நிச்சயமின்மை இருந்தது. தான் நியாயமாகத்தான் பேசினோமா என்று என்னிடம் கேட்பதுபோல.

சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னேன். அழைத்தது, ‘உங்களாலதான்’ என்றது, சத்தியம் வாங்கியது, மூன்று அழைப்பு, தடுத்தது. எந்த வார்த்தையில் ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. அவள் கத்தவில்லை. “அப்ப அவரு என்ன மறக்கல” என்றாள். எழுந்து அறைக்குப் போனாள். பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. மருத்துவரிடம் அவளுடைய சித்திதான் அழைத்துப்போனாள்.

பன்னிரண்டாம் நாள் வந்து, “நான் எழுதுனது தப்பு. ஆனா நான் மாத்தி எழுதுனா, பயந்துட்டேன்னு சொல்வாங்க. நீதான் எழுதணும். நடந்தத நடந்த மாதிரி” என்றாள்.

எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து வந்து, சேலைகூட மாற்றாமல், இதுவரை உள்ளதை அவளிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். முடித்ததும் நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாள். பேட்டியில் அவளுடைய குரல் எப்படி இருந்ததோ அப்படி, அவசரமில்லாமல் கேட்டாள்.

“மூணாவது தடவ அவரு கூப்புட்டாருல்ல. அப்ப நீ போன எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பே?”

அவர் சொல்வதைக் கேட்டிருப்பேன் என்று சொல்ல ஆசை. மன்னிப்புக் கேட்டிருப்பேன், உன் கேள்வி என்ன என்று விசாரித்திருப்பேன் என்று சொல்ல ஆசை. அவள் காத்திருந்தாள். எனக்கு உதவி செய்யவில்லை.

“திட்டியிருப்பேன்” என்றேன்.

தாள்களை என் பக்கம் தள்ளினாள்.

“அதையும் எழுதுமா.”